எட்டாம் விளக்கு

தப்பு சார், நீங்கள் சொன்னது தப்பு. குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற ஆள் இல்லை நான். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டுக்கு வாய் திறப்பேன், அதோடு சரி. ஆனால் நீங்கள் போனில் வீட்டுக்குச் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "பொத்துன்னு போட்டுட்டான், எவனோ சின்னப் பய கையில குடுத்துட்டானுங்க, அனுபவப்பட்ட ஆளா இருந்தா பூ மாதிரி இறக்கியிருப்பான்" என்றீர்கள். அதைக் கேட்டபின் சும்மா உட்கார முடியவில்லை.

ஒன்று இருபத்தைந்து விமானத்தில் வந்தவர்தானே? ஆறாம் விளக்கு சார். உங்களை இறக்கியது ஆறாம் விளக்கில். நான் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆடிக் காற்றில் ஆறாம் விளக்கு என்றால் அதற்கு மேல் மார்க் போட இடமில்லை. பொத்தென்று போட்டதுதான் சரி. பூ மாதிரி இறங்கின விமானங்களையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்ததால்தான் இந்த வெயிலில் இந்தப் பஸ்ஸில் போகிறேன்.

டவுன் வரை இல்லை. ரயில்வே கேட் நிறுத்தம். அங்கே ஓட்டலில் ஓர் அதிகாரி தங்கியிருக்கிறார். மூன்றரைக்கு அவருக்குக் கார் வந்துவிடும். அதற்குள் பார்க்க வேண்டும். இப்போது மணி இரண்டு முப்பத்திரண்டு. நாற்பது நிமிஷம் ஓட்டம். பார்த்துவிடலாம்.

நான் பறவை விரட்டுகிறவன். சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு வேலை இருக்கிறது. ரன்வேயின் கீழக்கோடியில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே ஒரு ஜீப், வெடிப் பெட்டி, ஊதல், நான், டிரைவர் மிக்கேல். விமானம் வருகிறதென்று டவரில் சொன்னதும் பருந்தோ கொக்கோ மயிலோ எது நின்றாலும் விரட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. நம் ஊரில் மயில்தான் பெரிய தொல்லை. கொக்கு வெடிச் சத்தத்துக்குப் பறந்துவிடும். மயில் நின்று யார் என்று பார்க்கும்.

ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, நடவடிக்கை. கம்பெனிக்காரன் கொடுத்த கட்டம் அவ்வளவுதான். நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனால் கோடு நேராகப் போடுவேன். ஓரத்தில் இன்னும் இரண்டு கட்டம் நானாகவே போட்டுக்கொண்டேன். ஒன்று விளக்கு, இன்னொன்று குரல்.

விளக்கு என்றால் ரன்வே ஓரத்து விளக்கு. அறுபது மீட்டருக்கு ஒன்று. நம் ரன்வே சின்னது, மொத்தம் இருபத்து மூன்று. விமானத்தின் சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில் டயர் தேய்ந்து ஒரு கை அளவு வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை எத்தனையாவது விளக்குக்கு நேரே வந்தது என்று பார்ப்பேன். ஐந்து, ஆறு என்றால் நன்று. ஏழு, சரி. எட்டைத் தாண்டினால் இறக்கியவர் தரையைத் தேடிக்கொண்டே போகிறார் என்று அர்த்தம். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தரையை ஒட்டி மிதந்து மிதந்து மெதுவாக உட்காரும்போது கை தட்டக்கூடத் தட்டுவார்கள். எதிர்க்கோடியில் எத்தனை விளக்கு மிச்சம் என்று வெளியே நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

குரல் என்றால், ஜீப்பில் ஒரு பெட்டி இருக்கிறது. டவரும் விமானமும் பேசிக்கொள்வது அதில் கேட்கும். எனக்கு இங்கிலீஷ் புரியாது. குரல் புரியும். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் கேப்டன், ஒருவர் கோ-பைலட். இருவரும் மாறி மாறி இறக்குவார்கள் என்பது தெரியும். அப்படியானால் இன்றைக்கு இறக்குவது யார்? வண்டி ஓட்டுகிறவன்தானே "இதோ வருகிறேன்" என்று சொல்வான்? பேசுகிற குரல் யாருடையதோ அவர்தான் இறக்குகிறார் என்று எழுதிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்? நினைப்பீர்கள். படித்தவர்கள்கூட அப்படித்தான் நினைப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், நோட்டு பறக்கிறது.

போன கார்த்திகையில் இந்தத் தடத்துக்குப் புதிதாக ஒரு கேப்டன் வந்தார். தயானந்தன் என்று பேர். தென்காசிப் பக்கம். அறுபத்திரண்டு வயது. பதினெட்டாயிரம் மணி நேரம் பறந்தவர் என்று மிக்கேல் வந்து சொன்னான். நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார். இரவு பகல் தரையே தொடாமல் பறந்தாலும் இரண்டு வருஷமும் இருபது நாளும் ஆகும். அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் பெரிய விமானம் ஓட்டினவர், கடைசிக் காலத்தில் நம் பக்கத்துக்கு வந்து இந்தக் காற்றாடி வைத்த சின்ன விமானத்தைப் பிடித்திருக்கிறார்.

மார்கழியில் மழை பெய்து ரன்வே ஓரமெல்லாம் தண்ணீர். கொக்கு வந்து உட்கார்ந்துவிட்டது, முப்பத்து நாலு. ஐந்து வெடி போட்டு, கடைசிக் கொக்கும் எழும்பின பிறகு விமானம் இறங்கிற்று. ஆறாம் விளக்கு. இறங்கி ஓடி நின்றதும் பெட்டியில் தமிழ் கேட்டது. அவர் குரல். "டவர், அந்தப் பறவைக்காரருக்கு என் நன்றியைச் சொல்லிருங்க." பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை. மிக்கேல் சாட்சி. "அண்ணாச்சி, ஒமக்குத்தான் சொல்லுதாரு, எந்திச்சு நின்னு கும்பிடும்" என்று கேலி பண்ணினான். நான் எழுந்து நின்றுவிட்டேன், கேலி என்று தெரிந்தும்.

அன்றிலிருந்து அந்தக் குரல் வந்தால் எனக்கு ஒரு தைரியம். அந்தக் குரல் வந்த நாளெல்லாம் ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, ஐந்து. பதினெட்டாயிரம் மணி நேரம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனி பிறந்து காற்று ஆரம்பித்தது. அவரோடு கோ-பைலட்டாக ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது இருக்குமாம். கீச்சென்ற குரல், அவசர அவசரமாகப் பேசுவாள். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அதை மறைப்பானேன். ஐந்து வாரம் அவர்கள் ஜோடிதான் இந்தத் தடத்தில். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நான் எழுதியது மொத்தம் நாற்பத்தேழு இறக்கம். கேப்டன் குரல் இருபத்தெட்டு, அந்தப் பெண்ணின் குரல் பத்தொன்பது. கேப்டன் குரல் கேட்ட இருபத்தெட்டும் ஏழாம் விளக்குக்குள். அந்தப் பெண்ணின் குரல் கேட்ட பத்தொன்பதில் பதினெட்டு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, கடைசி ஒன்று அதற்கும் மேல். பத்தொன்பதும் சார். ஒன்றுகூட எட்டுக்குள் வரவில்லை.

மிக்கேலிடம் சொன்னேன். அவன், "ஒமக்குப் பொம்பள ஓட்டுனா ஆகாது, அதான் விளக்கு கூடக் கூடத் தெரியுது" என்றான். ஏர்போர்ட் மேனேஜர் அம்மாவிடம் வாசலில் நின்று சொன்னேன். அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பறவையைப் பாருங்க பெரியவரே, விமானத்தைப் பாக்க ஆள் இருக்கு" என்றார்கள். பெரியவரே என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆடி மூன்றாம் தேதி மத்தியானம் பதின்மூன்றாம் விளக்கு.

பதின்மூன்று என்றால் ரன்வேயில் பாதிக்கு மேல் போய்விட்டது. சக்கரம் தொட்டதும் காற்றாடிகள் அலறின சத்தம் என் கூரைத் தகரத்தில் கேட்டது. மேலக்கோடியில் ஒரே புழுதி. இருபத்திரண்டாம் விளக்கில் போய் நின்றது. ஒரு விளக்கு மிச்சம். அதற்கப்புறம் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. இதே ரோடுதான். குரல், அந்தப் பெண் குரல். பறவைக் கட்டம் காலி. இந்தாருங்கள், பாருங்கள், காலியாகத்தான்... வேண்டாம், அந்தப் பக்கத்தை அப்புறம் காட்டுகிறேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினேன். மூன்று தடவை நகல் எடுத்தேன். மேனேஜர் அம்மாவுக்கு ஒன்று, விமானக் கம்பெனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாற்பத்தேழு இறக்கத்தையும் வரிசையாகப் போட்டு, கீழே இப்படி எழுதினேன். "பெண் குரல் கேட்கும் நாட்களில் விமானம் தள்ளி இறங்குகிறது. காற்றுக் காலத்தில் அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டாம். பதினெட்டாயிரம் மணி நேரம் பறந்த கேப்டனே இறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கப்பழம், பறவை விரட்டுபவர்." நல்லதுதானே எழுதினேன்? அதில் என்ன தப்பு சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் அந்த அதிகாரி வந்தார். மதிவாணன் என்று பேர், விமானக் கம்பெனியில் பாதுகாப்பு பார்க்கிறவர். நேரே என் தகரக் கூரைக்கே வந்துவிட்டார். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, என் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். விமானத்துக்குள்ளேயே ஒரு மெஷின் எல்லாவற்றையும் பதிவு பண்ணுமாம், சக்கரம் எங்கே தொட்டது என்பதையும். ஒன்றரை மணி நேரம் பார்த்தார். நாற்பத்தேழில் நாற்பத்தைந்து அச்சாக ஒத்துப்போயிற்று. இரண்டில் ஒரு விளக்கு வித்தியாசம். அந்த இரண்டும் தூசி நாள், பக்கத்திலேயே தூசி என்று எழுதியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, எல்லை தாண்டினாத்தான் எங்க மெஷின் எச்சரிக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம்னு இருந்ததால எங்க கண்ணுல படல. உங்க நோட்டுலதான் வரிசையாத் தெரியுது" என்றார். மிக்கேல் பக்கத்தில் நின்றான். மேனேஜர் அம்மாவும் நின்றார்கள். பத்தொன்பது வருஷத்தில் என் கணக்கை ஒருவர் ஒன்றரை மணி நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்புறம் அவர் சொன்னார். சும்மா, தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒரே ஒரு இடத்துல மட்டும் மாறிப் போச்சு. இறக்குறவர் ரேடியோல பேசமாட்டார். அவர் கையும் கண்ணும் அதுலயே இருக்கும். பக்கத்துல இருக்கிறவர்தான் பேசுவார். அதனால குரல் கட்டத்தை அப்படியே திருப்பிப் படிக்கணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னார். பேசியது அவர் என்றால் இறக்கியது அவள். பேசியது அவள் என்றால் இறக்கியது அவர். ஐந்தும் ஆறும் அந்தப் பெண். ஒன்பதும் பன்னிரண்டும் பதினெட்டாயிரம் மணி நேரம். எனக்கு நன்றி சொன்னாரே, அன்றைக்குக்கூட இறக்கியது வேறு யாரோ.

நான் விடவில்லை சார். காலையில் காற்று கம்மி, மத்தியானம் காற்று அதிகம், கேப்டன் இறக்கியதெல்லாம் மத்தியானம், அதனால் தள்ளி இறங்கியிருக்கும் என்றேன். நல்ல பாயிண்ட் என்றார். எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டு, "அந்தப் பொண்ணு மத்தியானம் இறக்கின நாள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கும், தட்டினால் வரும். என்னை ஏன் கேட்டார்? கேட்டபின் நான் எப்படி இல்லை என்பேன்? ஆறு நாள் இருக்கிறது. கேப்டன் குரல் கேட்ட மத்தியானங்கள். காற்றின் வேகம் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கிற காற்றுப்பை ஆறு நாளும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது, அதையும் எழுதியிருக்கிறேன். ஐந்து, ஆறு, ஆறு, ஐந்து, ஏழு, ஆறு. நானே பக்கத்தைத் திருப்பி என் விரலாலேயே காட்டினேன்.

கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் பாடுபட்டால் அது யாருக்கு உதவுகிறது பாருங்கள்.

மற்ற பதினெட்டு இறக்கத்துக்கும் கேப்டனுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்றார். ஏதோ கூண்டு மாதிரி இருக்குமாம், அதற்குள் உட்கார்ந்து ஓட்டிப் பழகிவிட்டு வரலாம். அந்தப் பதின்மூன்றாம் விளக்கு ஒன்றுதான் கஷ்டம். காரணமே இல்லாமல் அவ்வளவு தூரம் தள்ளி இறக்கினால் டெல்லிக்கு அறிக்கை போகும். லைசென்ஸை நிறுத்தி விசாரணை, அது முடிய வருஷக் கணக்கு ஆகும். அறுபத்திரண்டு வயதுக்காரர் அதற்கப்புறம் எங்கே திரும்பி வருவது.

போகிற நேரத்தில் இன்னொன்று கேட்டார். "ஐயா, அன்னைக்கு ரன்வேயில மயில் ஏதாவது நின்னுச்சா? அந்தப் பொண்ணு ஒரு மயில் நின்னுச்சு, அதைத் தாண்டத்தான் கேப்டன் தள்ளி இறக்கினார்னு சொல்லுது. கேப்டன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறார்."

நான், "பதிவேட்டைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். பறவைக் கட்டம் காலி. "உங்க நோட்டுல இல்லைன்னா இல்லைதான்" என்று மூடிவிட்டார். கேப்டனைக் காப்பாற்ற அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று எழுதப்போகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. இல்லை, தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்டக்டர், ரயில்வே கேட் வந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் நாலு நாள் கழித்து, அதாவது முந்தாநாள், கேப்டன் வந்தார். என் தகரக் கூரைக்கு. யூனிபாரம் இல்லை, கட்டம் போட்ட சட்டை. குரலைக் கேட்ட பிறகுதான் ஆளைத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் வெடிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அதில் உட்காரக்கூடாது என்று சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரே தவிப்பு.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"அண்ணாச்சி, பதினெட்டாயிரம் மணி நேரம்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல எத்தனை தடவை நான் கையால இறக்கினேன்னு யாரும் கேக்கல. லண்டனுக்குப் பத்து மணி நேரம். அதுல இறக்கம் அஞ்சு நிமிஷம். அதையும் பாதி நாள் பக்கத்துல உள்ள பையன் செய்வான், மீதி நாள் மெஷின் செய்யும். மாசத்துல ரெண்டு தடவை என் கையால இறக்கினா அதிகம். பதினாலு வருஷம் அப்படித்தான். என்கூட வர்ற ஆன்சி ஒரு நாளைக்கு மூணு தடவை இறக்கும். அந்தப் பிள்ளைக்கு ரெண்டாயிரம் மணி நேரம்கூட ஆகல. ஆனா அவ கை நேத்துப் பண்ணினதை இன்னைக்குப் பண்ணுது. என் கை இன்னும் மூணு கிலோமீட்டர் ரன்வேயிலதான் இருக்கு. மெதுவா உக்காரணும், மெதுவா உக்காரணும்னு மிதக்குது."

நான் காற்று என்றேன்.

"காத்துதான். காத்து அதிகம், நான்தான் கேப்டன், நான்தான் இறக்கணும்னு மத்தியானம் நான் எடுத்துக்கிட்டேன். முடியாதுன்னு எனக்கே தெரிஞ்ச ஆறு நாள் அவ கையில குடுத்தேன். அந்த ஆறையும் நீங்க எழுதி வச்சிருக்கீங்களாமே" என்று சிரித்தார். வருத்தமாகச் சிரிக்கவில்லை. கணக்கு சரியாக வந்தால் ஒருவன் சிரிப்பானே, அந்த மாதிரி.

மயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை சார். நான் காத்துக்கொண்டே நின்றேன். கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் மூன்று விதமாக வைத்திருந்தேன். அவர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, ரன்வேயை ஒரு பார்வை பார்த்தார். சரியாக அந்த இடத்தைப் பார்த்தார். "வாரேன் அண்ணாச்சி. மயிலைப் பாத்துக்குங்க" என்றார். போய்விட்டார்.

இரண்டு ராத்திரியாக நான் தூங்கவில்லை. எனக்குக் கோபம் சார். கேட்டுத் தொலைத்திருக்கலாம் அல்லவா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பெண்ணாவது வந்து சண்டை போட்டிருக்கலாம். அவளும் வரவில்லை. எல்லோரும் என் நோட்டை நம்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

மயில் நின்றது சார். எட்டாம் விளக்கில்.

ஓரத்தில்தான் நின்றது. இல்லை, ஓரத்தில் இல்லை. நடுக்கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கம். ஆண் மயில், தோகை பாதி உதிர்ந்தது. மிக்கேல் அப்போது ஜீப்பில் மேலக்கோடிக்குப் போயிருந்தான், அங்கே பருந்து வட்டமிடுகிறது என்று நான்தான் அனுப்பினேன். அதனால் வெடி போட வேண்டியது நான். வெடி கையில்தான் இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. விமானம் தூரத்தில் தெரிகிறது. நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

போடவில்லை.

ஏன் என்று கேட்கமாட்டீர்களா? வெடி போட்டால் புகை வரும். காற்று அன்றைக்குக் குறுக்காக, என் பக்கமிருந்து ரன்வேக்கு அடித்தது. வெடிப் புகை போய் ஐந்தாம் விளக்கிலிருந்து பத்தாம் விளக்கு வரைக்கும் படுத்துக்கொள்ளும். அதற்குள் சக்கரம் தொட்டால் டயர் புகை தெரியாது. பெட்டியில் அந்தப் பெண் குரல் கேட்டுவிட்டது. பதினெட்டு தடவை எழுதிவிட்டேன், பத்தொன்பதாவது விடுபடக்கூடாது. அன்றைக்கு எத்தனையாம் விளக்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மயில் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். எத்தனையோ தடவை தானாகப் போயிருக்கிறது.

அது போகவில்லை. நின்று பார்த்தது. விமானம் ஐந்தாம் விளக்குக்கு நேரே கீழே வந்தது சார், நன்றாக வந்தது. அந்த ஒரு நாள்தான் அவர் சரியாக வந்தார். தொடப்போகிற நேரத்தில் மூக்கைத் தூக்கினார். மயிலின் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் போயிற்று. பதின்மூன்றில் போய்த் தொட்டது. நான் பதின்மூன்று என்று எழுதினேன். பெண் என்று எழுதினேன். பறவைக் கட்டத்துக்கு வரும்போது, பறவை என்றால் எண்ணிக்கை எழுத வேண்டும், எண்ணிக்கை எழுதினால் நடவடிக்கை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டேன்.

மயிலைக் கண்டதும் திரும்ப மேலே ஏறிப் போயிருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லலாம். சொல்லட்டும். மற்ற பதினெட்டும் அவர் கைதான், அதையும் நான் மாற்றவில்லை. ஆனால் காரணமே இல்லாமல் பதின்மூன்று என்பதும் காரணத்தோடு பதின்மூன்று என்பதும் ஒன்றா? டெல்லிக்குப் போகிற காகிதத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாமா? இல்லாததைச் சொன்னாள் என்று அந்தப் பிள்ளை பேரில் ஒரு வரி இருக்கலாமா?

இந்தாருங்கள், இப்போது பாருங்கள். இதுதான் அந்தப் பக்கம். இன்றைக்குக் காலையில் எழுதினேன். பறவை: மயில். எண்ணிக்கை: ஒன்று. பக்கத்தில் எட்டாம் விளக்கு என்று இருக்கிறது. நடவடிக்கை: இல்லை. மை புதிது, பார்த்தாலே தெரியும். தெரியட்டும் என்றுதான் இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். "இல்லை" என்று எழுத எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

இதைக் கொடுத்தால் என் வேலை போய்விடும். சந்தேகமே இல்லை. மேனேஜர் அம்மா செருப்பைக்கூடப் போடமாட்டார்கள், நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். பறவை விரட்டப் போனவன் விளக்கை எண்ணிக்கொண்டு நின்றான் என்று மிக்கேல் ஊரெல்லாம் சொல்வான். அவன் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சல் அதில் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதின ஒரே பொய், எழுதாமல் விட்ட பொய். அதைத்தான் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

மணி என்ன சார்? மூன்று பதினாலா? அப்படியென்றால் ரயில்வே கேட்... தாண்டிவிட்டதா? எப்போது? கண்டக்டர், நான் சொல்லி வைத்தேனே. விசில் அடித்தீர்களா? கேட்கவில்லை.

நிறுத்துங்கள், இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். பரவாயில்லை, திரும்பி நடந்துவிடலாம். கேட்டிலிருந்து இந்த இடத்துக்கு விளக்குக் கம்பம் பதினொன்று, இந்த ரோட்டிலும் நான் எண்ணியிருக்கிறேன். எட்டு நிமிஷ நடை. கார் மூன்றரைக்குத்தான்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் சார். அந்த நோட்டைக் கொடுங்கள்.

இன்னொன்று. இன்றைக்கு உங்கள் விமானத்திலிருந்து பெட்டியில் கேட்டது ஆண் குரல். புதுக் கேப்டன். வீட்டில் எவனோ சின்னப் பயல் என்று சொல்லிவிட்டீர்கள். திரும்ப போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். எவனோ இல்லை. ஆன்சி என்று பேர்.